மணல் பயணிகள்

செப்டிமஸ் டூட்டில் இருபத்திரண்டு வருடம் பஸ்ஸின் மேல்தட்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் என்றால் மணல் மூட்டை. ஓர் ஆளுக்கு இரண்டு மூட்டை, மூட்டைக்கு எழுபது ராத்தல். மேல்தட்டில் முப்பத்தொரு இருக்கைகள், ஆக அறுபத்திரண்டு மூட்டைகள். ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி, பஸ்ஸின் பின்னால் வளைந்து ஏறும் குறுகலான படியில் ஏறி, இருக்கைகளில் உட்கார வைப்பார். கீழ்த்தட்டு காலியாக இருக்கும். பிறகு பஸ்ஸை ஓர் இரும்பு மேடையில் நிறுத்தி, மேடையை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டே போவார்கள். இருபத்தெட்டு டிகிரி சாய்கிற வரைக்கும் பஸ் கவிழக் கூடாது. அரசாங்க விதி. விழுந்து நொறுங்கிவிடாமல் இருக்க, உயர்ந்த பக்கத்தில் இரண்டு சங்கிலிகளைத் தொங்கலாக மாட்டியிருப்பார்கள். சங்கிலி இறுகிவிட்டால் பஸ் விழுந்ததாக அர்த்தம்.

பிளாக்ஷா மோட்டார்ஸ் பெரிய கம்பெனி இல்லை. எட்டு மைல் தள்ளி லேலண்டு இருந்தது; அது உலகம் அறிந்த பெயர். எங்களை எங்கள் மாவட்டமான லங்காஷையர் அறியும், யார்க்‌ஷையர் கொஞ்சம் அறியும், நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணை அறியும். கிழவர் ஜோசையா பிளாக்ஷா 1898இல் ஒரு கொல்லுப்பட்டறையில் நீராவி லாரி கட்டினார். முதல் லாரி பருத்திப் பொதிகளோடு மில் வாசல்வரை போய் நின்றுவிட்டது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ஓடியது. கிழவர் மெதடிஸ்ட் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவர். லாரிகளுக்குத் தீர்க்கதரிசிகளின் பெயர்களை வைத்தார். ஆமோஸ் மூன்று டன் இழுக்கும். எசேக்கியேல் ஏழு டன். எரேமியா மேடு ஏறும்போது அழும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். முதல் யுத்தத்துக்கு நானூறு ஆமோஸ்கள் போயின, முப்பது திரும்பி வந்தன. அப்புறம் பஸ் கட்ட ஆரம்பித்தபோது கிழவர் வேதாகமத்தில் பெண் தீர்க்கதரிசிகளைத் தேடினார். ஒற்றைத் தட்டு பஸ் மிரியாம். இரட்டைத் தட்டு தெபொராள்.

செப்டிமஸ் என்றால் ஏழாவது. அவருக்கு முன்னால் பிறந்த ஆறு பேரும் பருத்தி மில்லுக்குப் போனார்கள். ஏழாவதுக்கு இடம் கேட்கப் போன அம்மாவிடம் மில் மேஸ்திரி, "டூட்டில் வீட்ல இன்னும் எத்தன பாக்கி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அம்மா அன்று மத்தியானமே செப்டிமஸைக் கொண்டுபோய் பிளாக்ஷாவில் சேர்த்தாள்.

அங்கே வார்ப்படச் சாலையில் மணல் சலிக்கிற வேலை. உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சு எடுப்பார்கள். ஈரம் கூடினால் அச்சு வெடிக்கும், குறைந்தால் உதிரும். பத்து வருடத்தில் செப்டிமஸ் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் இறுக்கித் திறந்து பார்த்தே ஈரம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். 1933இல் சாய்மேடை கட்டியபோது மேனேஜர் வார்ப்படச் சாலைக்கு வந்து, "மணல் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே ஆளைக் கை காட்டினார்கள்.

வேலை அவருக்குப் பிடித்திருந்தது. சோதனை வருடத்துக்கு ஏழெட்டு தடவைதான் வரும். மற்ற நாட்களில் உதிரிபாகக் கிடங்கில் இருப்பார். மூட்டைகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, எண்களுக்குப் பெயரும் வைத்திருந்தார். முதல் இருக்கை இடதுபக்கம் பாதிரியார். நடுவில் பல் வைத்தியர், அவருடைய மாமியார். கடைசி வரிசையில் கல்யாணமாகாத ஒரு ஜோடி. அவர்களுக்கு இடையில் இடைவெளி விடாமல் வைப்பார். "உள்ள தள்ளி உக்காருங்கம்மா, இன்னும் ஆள் ஏறணும்" என்று மேலே அவர் சொல்லிக்கொண்டிருப்பது கீழே கேட்கும்.

அவர் மனைவி ஆல்மா நெசவு மில்லில் ஆறு தறி பார்த்தவள். தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் உதட்டை அசைத்தே பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே கேட்பார்கள். தெருவின் அந்தக் கோடியில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் இந்தக் கோடியில் நின்று ஆல்மா பதில் சொல்லுவாள். செப்டிமஸ் வீட்டில் முணுமுணுக்கும் பழக்கத்தைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. புல்தரையில் பந்து உருட்டுகிற பௌலிங் கிளப், தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயம், வெள்ளிக்கிழமை பொரித்த மீன். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

1955 ஜனவரி கொடுமையான குளிர். மூட்டைகள் கிடந்தது சாய்மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். ஒரு பக்கம் சுவர் கிடையாது. சாக்கு உறைந்து பலகை மாதிரி விறைக்கும். செப்டிமஸின் விரல் மூட்டுகள் வீங்கின. ஒருநாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ முடியாமல் கத்தியை நழுவ விட்டார். அன்றைக்கே மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பெயின்ட் உலர்த்துகிற சூட்டறையின் வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். இரண்டு நாளில் மூட்டைகளும் சூடாகிவிட்டன. இதை முதலில் கண்டுபிடித்தவள் ஐவி ஹால்சால். இருக்கைகளுக்குத் துணி தைக்கிற பிரிவுக்கு அவள்தான் மேஸ்திரி. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். காலைத் தேநீரை அவர்கள் குளிரில் கால் மாற்றி நின்றுகொண்டே குடிப்பது வழக்கம். அன்று ஐவி கோப்பையோடு வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ஒரு கையால் சாக்கைத் தடவிப் பார்த்தாள்.

"அடியே, எல்லாரும் இங்க வாங்கடி" என்றாள் பிறகு. "சொர்க்கத்தக் கண்டுபிடிச்சிட்டேன்."

பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.

"செப் கண்ணு, நான் உக்காந்திருக்கிறது யாரு மேல?"

"பாதிரியாரு. முதல் சீட்டு."

"மனுஷன் இவ்வளவு கதகதப்பா! பிரசங்கத்துல தெரியலயே."

"மெதுவா பேசு. மாமியார் பக்கத்துலதான் இருக்காங்க."

தினமும் பத்து மணிக்கு அங்கே கூட்டம் கூடியது. செப்டிமஸின் விரல்கள் மடங்கின. மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

பிப்ரவரியில் புதிய தெபொராள் தயாரானது. வடிவமைத்தவர் கேட்டரல். முப்பத்திரண்டு வயது, படித்தவர், மேஜையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிற அளவுக்கு வேலை செய்கிறவர். மலைக்கு அந்தப்பக்கம் யார்க்‌ஷையரில் ஒரு நகராட்சி நாற்பத்திரண்டு பஸ்கள் கேட்டிருந்தது. மேல்தட்டில் தலை இடிக்கக் கூடாது, இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுங்கள் என்றார்கள். அந்த ஊரில் சமதளமாக ஒரு தெரு கிடையாது. உயர்த்தியும் விழாமல் நின்றால் ஆர்டர் எங்களுக்கு. அந்த வருடத்தில் எங்களிடம் வேறு பெரிய ஆர்டர் இல்லை. நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். காகிதத்தில் கேட்டரலுக்கு இருபத்தெட்டேகால் வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அரசாங்க ஆய்வாளர் வந்தார். செப்டிமஸ் அறுபத்திரண்டு மூட்டைகளையும் ஏற்றி உட்கார வைத்தார். மேடையைத் தூக்குகிற சக்கரம் ரிக்பி கையில். அவன் செப்டிமஸோடு பௌலிங் ஆடுகிறவன். இருபத்தைந்து, இருபத்தாறு. இருபத்தெட்டைத் தாண்டியது. சங்கிலி தொங்கிக்கொண்டே இருந்தது. கால், அரை. முக்காலில் சங்கிலி இறுகியது.

"இருபத்தெட்டேமுக்கால்!" என்று கேட்டரல் கத்தினார். "நான் போட்ட கணக்கவிட இவ புத்திசாலி!" அவர் தெபொராளின் சக்கரத்துக்கு முத்தம் கொடுத்ததை நான் பார்த்தேன். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி ரயிலுக்குப் போனார்.

செப்டிமஸ் மூட்டைகளை இறக்கினார். வழக்கமாக நாற்பதாவது மூட்டைக்கு மேல் இடுப்பு பேச ஆரம்பிக்கும். அன்று பேசவில்லை. வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனார்.

"நான் இளசாகிட்டு வர்றேன் ஆல்மா. அறுபத்திரண்டும் இறக்கிட்டேன், ஒரு வலியும் இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு. கூரைல ரெண்டு ஓடு நழுவியிருக்கு. இளந்தாரிதான் ஏறணும்."

சனிக்கிழமை தொழிற்சாலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு கிளப்பில் விருந்து, ஆர்டருக்காக. கிழவரின் மகன், இளைய பிளாக்ஷா, பேசப்போகிறார் என்றார்கள். இளையவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. பெண்கள் எல்லோரும் ஹாட்பாட் செய்தார்கள். மேலே உருளைக்கிழங்கை வட்டமாக அடுக்கி, உள்ளே ஆட்டிறைச்சி வைத்து, அடுப்பில் மணிக்கணக்காக விடுவது. இறைச்சி ரேஷன் ஒழிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதனால் யாரும் கை இறுக்கவில்லை.

செப்டிமஸை உருளைக்கிழங்கு வாங்கிவர அனுப்பினார்கள். கடைக்காரர் ஒரு சாக்கை அவர் தோளில் ஏற்றிவிட்டார். இருநூறு கெஜம் நடந்து கிளப் சமையலறையில் இறக்கினார். இறக்கியவர் மறுபடியும் குனிந்து அதைத் தோளில் தூக்கினார். நின்றார்.

"வச்சதை எதுக்குத் தூக்கற?" என்றாள் ஆல்மா. அவள் கையில் கத்தி இருந்தது, எதிரில் ஐவி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு கனம்?"

"சாக்குலயே போட்டிருக்கு. அம்பத்தாறு ராத்தல்."

"என் மூட்டை எழுபது."

"தெரியும். இருபத்திரண்டு வருஷமா சொல்லிட்டிருக்க."

"வியாழக்கிழமை தூக்கினது கிட்டத்தட்ட இந்தக் கனம்தான் இருந்துச்சு" என்றார் செப்டிமஸ்.

சாக்கை இறக்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரிக்பி புல்தரையில் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். எதுவும் சொல்லாமல் அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

தொழிற்சாலைக் காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். சூட்டறைச் சுவரோரம் மூட்டைகள் அடுக்கி இருந்தன. செப்டிமஸ் முதல் மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையைத் திறந்தார். மணல் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடிப்போனது. தராசுக்குப் போகும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பத்து மூட்டைகளை நிறுத்தார்கள். அறுபது, அறுபத்தொன்று, அறுபதரை. மணல் குடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் சுவர் குடித்துவிட்டது. ரிக்பி சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போட்டான்.

"நாலு பேர் குறையுது" என்றான். "நாலு பேர் பஸ்ஸுல ஏறவே இல்ல."

செப்டிமஸ் பாதிரியார் மேல் உட்கார்ந்தார்.

"யோவ் செப், கேளு. திங்கக்கிழமை தண்ணிய ஊத்திடுவோம். எழுபதுக்குக் கொண்டாந்து கொட்டகைல போட்டுருவோம். முடிஞ்சுது."

"பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு என்ன? கையெழுத்து ஆயாச்சு. நிஜத்துல எந்த பஸ்யா இருபத்தெட்டு டிகிரி சாயுது?"

"அந்த ஊர்ல பனிக்காலத்துல சறுக்கிட்டு ஓரக்கல்லுல ஏறும். வளைவுல காத்து அடிக்கும். மேல முப்பத்தோரு பேரு."

"உன் வேல போயிரும். அது மட்டுமா, ஆர்டர் போச்சுன்னா இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு வேல போயிரும். எல்லாம் எதுக்கு? ஒருத்தனுக்கு விரல் வலிச்சுதுன்னா?"

"ஆமா" என்றார் செப்டிமஸ். "மணல் தெரிஞ்சவன்னுதான் என்னை எடுத்தாங்க."

ரிக்பி சாக்கட்டிக் கணக்கைச் சட்டைக் கையால் அழிக்கப் போனான். செப்டிமஸ் வேண்டாம் என்றார். எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கிளப்புக்குத் திரும்பினார்கள்.

அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. இறைச்சி வாசனை தெருவரை வந்தது. கேட்டரல் வாசல் பக்கத்து மேஜையில் கையில் பீரோடு இருந்தார். புதிதாகக் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். செப்டிமஸ் போய் எதிரில் நின்று, தொப்பியைக் கழற்றி, நடந்ததைச் சொன்னார். நீளமாக எதுவும் சொல்லவில்லை. குளிர், விரல், சுவர், பத்து மூட்டையின் எடை. காகிதத்தை நீட்டினார்.

பின்னாலேயே ஐவி ஏப்ரனோடு வந்து நின்றாள். சமையலறையிலிருந்தே அவர் உதட்டைப் படித்து ஆல்மா அவளிடம் சொல்லியிருந்தாள்.

"சார், தினமும் அதுமேல உக்காந்தது நாங்க பதிமூணு பேரு. திட்டறதா இருந்தா வரிசையா எல்லாரையும் திட்டுங்க. எங்க பின்பக்கம் சூடாகணும்னு அவரு அதை அங்கயே விட்டு வச்சாரு."

"நீங்க உக்காந்ததுல எடை குறையாது அம்மா" என்றார் கேட்டரல். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுத்து அதன் பின்புறத்தில் எதையோ பெருக்கினார், வகுத்தார்.

"அரை டிகிரி" என்றார். "சரியா அரை டிகிரி. என் கணக்கு கால். பஸ் முக்கால் காட்டுச்சு. அந்த அரை எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. நானே பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்." பீரைத் தள்ளி வைத்தார். "நீங்க ஏன் மூட்டையத் திரும்ப நிறுத்தீங்க, டூட்டில்?"

"உருளைக்கிழங்கு தூக்கினேன் சார்."

கேட்டரல் எழுந்து, ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த பிளாக்ஷாவிடம் போனார். இருநூறு பேர் பேசுகிற இரைச்சல். செப்டிமஸும் ஐவியும் சமையலறைக் கதவருகில் நின்றார்கள். ஆல்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கினாள்.

"பிளாக்ஷா என்ன சொல்றாரு?" என்றாள் ஐவி.

"இரு. 'கையெழுத்து ஆயிருச்சே'ங்கறாரு."

"அப்புறம்?"

"'எத்தன பேருக்குத் தெரியும்?'ங்கறாரு. கேட்டரல் சொல்றாரு, 'எனக்குத் தெரியும்'னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இப்ப பிளாக்ஷா, 'திரும்பப் பண்ணி விழுந்துட்டா?'ங்கறாரு. கேட்டரல், 'விழுந்துச்சுன்னா அது விழற பஸ்ஸு'ங்கறாரு. இப்ப பிளாக்ஷா திரும்பிக்கிட்டாரு. முதுகு பேசறது எனக்குத் தெரியாது."

முதுகு வெகுநேரம் அப்படியே இருந்தது. ஹாட்பாட் மேஜைக்கு வந்துவிட்டது. பிளாக்ஷா எழுந்து நின்றதும் எல்லோரும் அமைதியானார்கள். அவர் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பார்த்து, மறுபடியும் மடித்து வைத்தார்.

"புதன்கிழமை தெபொராளுக்கு இன்னொரு சோதனை இருக்கு. இலாகாவுக்கு நானே திங்கக்கிழமை போன் பண்றேன். அதுவரைக்கும் பேச எனக்கு ஒண்ணும் இல்ல. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

செப்டிமஸ் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார். எப்படிச் சாப்பிட முடிந்தது என்று பிற்பாடு நான் கேட்டேன். "சொல்லியாச்சே" என்றார். "அதுக்கப்புறம் பசிச்சுது."

திங்கட்கிழமை காலை அவரை பிளாக்ஷா கூப்பிட்டு அனுப்பினார். புதன்கிழமைக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு நாட்களும் செப்டிமஸ் மணலோடு இருந்தார். அறுபத்திரண்டு மூட்டைகளையும் தரையில் கொட்டி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் புரட்டி, பிடித்துப் பார்த்து, திரும்ப நிரப்பினார். ரிக்பி உதவிக்கு வந்தான். தைக்கும் பிரிவுப் பெண்கள் நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள். ஐவி ஒரு கோப்பையை அவருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அறுபத்தொம்பதரை போட்டா யாருக்குய்யா தெரியப்போகுது?" என்றான் ரிக்பி.

"போடறியா?"

"சும்மா கேட்டேன்."

புதன்கிழமை அதே ஆய்வாளர் வந்தார். மூட்டைகளை அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார்கள். எழுபதுக்குக் கூடினால் செப்டிமஸ் கரண்டியால் எடுத்தார், குறைந்தால் போட்டார். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு படி ஏறத் தொடங்கினார். நாற்பதுக்கு மேல் ஒவ்வொரு மூட்டைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. தொழிற்சாலையில் அன்று யாரும் வேலை செய்ததாகத் தெரியவில்லை. சாய்மேடையைச் சுற்றி முந்நூறு பேர் இருந்தோம்.

ரிக்பி சக்கரத்தைச் சுற்றினான். இருபது. இருபத்தைந்து. தெபொராள் மெல்ல ஒரு தோளை இறக்கினாள். உள்ளே எங்கோ ஒரு பலகை கிறீச்சென்றது. இருபத்தேழு. தூக்கிய பக்கத்துச் சக்கரங்கள் பாரமிழந்து, டயர்கள் அடியில் தட்டையாகாமல் முழு வட்டமாகத் தெரிந்தன. இருபத்தேழரை. கேட்டரல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். செப்டிமஸ் சங்கிலியை மட்டும் பார்த்தார். சங்கிலியின் தொங்கல் முதலில் ஒரு கை அளவு இருந்தது. பிறகு நாலு விரல். பிறகு இரண்டு.

"இருபத்தெட்டு" என்றார் ஆய்வாளர்.

சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்தவா?" என்றான் ரிக்பி.

"வேணாம், போங்க" என்றார் கேட்டரல், திரும்பாமலே.

ரிக்பி இன்னும் கொஞ்சம் சுற்றினான். டிக் என்று ஒரு சத்தம். சங்கிலி கம்பி போல நேரானது. ஆய்வாளர் குனிந்து அளவைப் பார்த்தார்.

"இருபத்தெட்டேகால்."

கேட்டரல் கத்தவில்லை. சக்கரத்துக்கு முத்தம் கொடுக்கவில்லை. நடந்து வந்து செப்டிமஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீங்கிய விரல்களை அழுத்திவிட்டார், செப்டிமஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டத்தில் யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். அது தெபொராளின் கூரையில் போய் விழுந்து, சரிந்து, மறுபக்கம் காணாமல் போனது.

பிளாக்ஷா அதன் பிறகு செப்டிமஸைக் கூப்பிடவே இல்லை. அந்த வாரக் கடைசியில் கொட்டகைக்கு நாலாவது சுவர் எழும்பியது. ஒவ்வொரு சோதனைக்கும் காலையில் மூட்டைகளை நிறுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு ஒட்டினார்கள். நிறுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். நிறுக்கிறவர் பெயர் என்ற இடத்தில் முன்கூட்டியே எஸ். டூட்டில் என்று தட்டச்சு செய்திருந்தது.

நாற்பத்திரண்டு தெபொராள்களும் மே மாதத்துக்குள் மலை தாண்டிப் போய்விட்டன. பெந்தெகொஸ்து விடுமுறைக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். செப்டிமஸ் ஆல்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த யார்க்‌ஷையர் ஊருக்குப் போனார். பார்ப்பதற்கு அங்கே கம்பளி மில்களும் ஒரு நகராட்சி மண்டபமும்தான். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தெபொராள் நின்றது. இருவரும் மேல்தட்டுக்கு ஏறினார்கள். ஆள் ஏற்றுகிற வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர், ஓடுகிற தெபொராளில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று ஆல்மா எங்களிடம் சொன்னாள். எங்கள் ஊரில் ஓடியது எல்லாம் வேறு கம்பெனி பஸ்.

மேல்தட்டு நிறைந்தது. முன் இருக்கையில் ஒரு பருமனான அம்மாள் இரண்டு பைகளோடு வந்து உட்கார்ந்தாள். செப்டிமஸ் அவளைப் பார்த்தார்.

"மூணு மூட்டை" என்றார்.

"வாய மூடு. காதுல விழுந்துரும்."

"பைய சேர்க்கல."

பஸ் ஒரு தெருவில் இறங்கி, வளைவில் திரும்பி, பக்கவாட்டுச் சரிவில் ஊர ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் புகைபோக்கிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பின்னால் ஒரு குழந்தை சந்தோஷமாகக் கத்தியது. ஆல்மா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சாயுது செப்."

"சாயும்."

"எவ்வளவு?"

அவர் புகைபோக்கிகளை வைத்து மனதில் அளந்தார். "ஏழு."

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"இருபத்தொண்ணேகால்."

ஆல்மா சட்டைக் கையை விட்டாள். கண்டக்டர் மேலே வந்தார். செப்டிமஸ் இரண்டு டிக்கெட் கேட்டார், கடைசி நிறுத்தம்வரை.